கோழி வைக்க வேண்டியவள்

அத்தியாயம் 14

கோழியை நேற்றே கொண்டுவந்து கட்டிவிட்டார்கள்.

வீட்டைத் தாங்கி நிற்கும் தேக்குத் தூண்களில் ஒன்றில் கட்டியிருந்தது. காலில் சிவப்புக் கயிறு. கன்லயா அதற்குத் தண்ணீர் வைக்கவும் மறுத்துவிட்டாள். "நான் எந்தத் தப்பும் பண்ணல. என் பேர்ல வந்த கோழிக்கு நான் ஏன் தண்ணி வைக்கணும்?" என்று சொல்லிவிட்டு மாடியில் போய்ப் படுத்தவள், இரவு சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை.

விடிந்ததும் அவள் அம்மா புவாசோன்தான் இறங்கி வந்து கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். அது குடிப்பதையே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கம்மூன் அக்காவின் காலில் ஆரம்பித்தது. தாய்வழியில் மூத்தவள் அவள்தான். வீட்டு ஆவிகளுக்கான மாடத்தைப் பராமரிப்பவளும் அவளே. கால் வீங்கி ஒரு மாதமாகிறது, எந்த எண்ணெய்க்கும் வடியவில்லை. போன ஞாயிறன்று மாடத்தின் முன் உட்கார்ந்து ஒரு கிள்ளு அரிசி எடுத்து எண்ணிப் பார்த்தாள். இரட்டைப்படை வந்தால் ஆமாம், ஒற்றை வந்தால் இல்லை. பதில் தெளிவாக வந்தது. யாரோ ஓர் ஆண் இந்த வீட்டுப் பெண் ஒருத்தியைத் தொட்டிருக்கிறான், ஆவிகளிடம் யாரும் சொல்லவில்லை.

யார் அந்தப் பெண்? கம்மூன் அக்கா ஒவ்வொரு பெயராகச் சொல்லி அரிசி கிள்ளினாள். புவாசோனின் மூத்த மகள் விலாவனுக்கு ஒற்றை. இன்னொரு தங்கை வீட்டுப் பெண்கள் இருவருக்கும் ஒற்றை. புவாசோனின் இளையவள் கன்லயாவுக்கு இரட்டை.

கன்லயாவுக்கு நிச்சயித்திருந்த நோப், எட்டு மாதமாகத் தைவானில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். அப்படியானால் தொட்டது யார்? செய்தி சந்தைக்குப் போய், அங்கே நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் நோப்பின் அம்மா ஒன்சியின் காதுக்கும் போனது. வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினாள். அந்தப் பெண் பரிகாரமாக ஆவிகளுக்குக் கோழி வைக்கட்டும், ஆள் யாரென்று வாயால் சொல்லட்டும், அதற்குப் பிறகு கல்யாணத்தைப் பற்றி யோசிக்கலாம் என்றாள்.

புவாசோனின் பெயரைச் சொல்லி யாரும் அரிசி எடுக்கவில்லை. அறுபத்து மூன்று வயது விதவைக்காக எதற்கு ஒரு கிள்ளு அரிசியை வீணாக்க வேண்டும் என்று கம்மூன் அக்கா நினைத்திருப்பாள். அன்று புவாசோனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்கடுத்து, அவளே எதிர்பாராமல், கோபம்.

ஏனென்றால், கேட்டிருந்தால் இரட்டை வர வேண்டியது அவளுக்குத்தான்.

கோழி தண்ணீர் குடித்து முடித்து அவளை ஒரு கண்ணால் பார்த்தது.

"இன்னைக்கு நாலு மணிக்கு," என்றாள் அதனிடம். "அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை இருக்கு."

அந்த வேலைக்குத் தடை, காலைச் சாப்பாட்டிலேயே வந்து உட்கார்ந்தது.

விலாவன் ஊராட்சி அலுவலகத்தில் முதியோர் நலப் பிரிவைப் பார்க்கிறாள். வியாழன்தோறும் கோயில் மண்டபத்தில் நடக்கும் முதியோர் பள்ளி அவள் பொறுப்பு. அம்மாவோ இருபத்தைந்து வருடமாக ஊரின் சுகாதாரத் தொண்டர். இரத்த அழுத்தக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள். அறுபதுக்குப் பிறகான தாம்பத்தியம், உடல், நோய், மருந்து பற்றி ஒரு பாடம் வைக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டு, இந்த வாரத்துக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது.

விலாவன் ஒரு தாளை ஒட்டுச்சோறு வைத்திருந்த மூங்கில் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். புதிய பாட அட்டவணை. புவாசோனின் பாடம் இருந்த இடத்தில் 'தவறி விழாமல் இருக்க உடற்பயிற்சி' என்றிருந்தது.

"தலைவர் வீட்டம்மா கூப்பிட்டாங்க," என்றாள் விலாவன். "வயசானவங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறாங்க. நம்ம வீட்டுல இப்ப நடக்கறது வேற ஊருக்கே தெரியும். இந்த வாரம் வேண்டாம்மா."

"போன மாசம் நம்ம ஊர்ல அறுபத்தஞ்சு வயசு ஆளுக்கு வெட்டை நோய். அவர் பொண்டாட்டிக்கும்தான். எதுன்னே தெரியாம ரெண்டு பேரும் கோயில்ல மந்திரிச்ச தண்ணியைக் குடிச்சிட்டு இருந்தாங்க. அவங்களையும் அடுத்த வாரம் வரச் சொல்லவா?"

"நான் அதைச் சொல்லல."

"இருபத்தேழு சீட்டு வந்திருக்கு விலா. எழுதத் தெரியாதவங்க பேரன் பேத்திகிட்டக்கூடக் கேக்க முடியாம, பக்கத்து வீட்டுக்காரங்க கையைப் பிடிச்சு எழுதி வாங்கியிருக்காங்க. படிக்காம திருப்பிக் கொடுக்க என்னால ஆகாது."

விலாவன் ஒரு கவளம் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள். வாயில் போடவில்லை. கடைசியில், அலுவலகத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாது என்றே சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

"சொல்லு," என்றாள் புவாசோன். அட்டவணையை நான்காக மடித்து, ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள்.

*

நீலச் சாயச் சட்டைச் சீருடையில் இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். கொடி ஏற்றி, பிரார்த்தனை முடிந்து உட்கார்ந்தபோது வழக்கமான சளசளப்பு இல்லை. ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் சுபின்.

அறுபத்தேழு வயதுத் தச்சர். மண்டபத்தில் ஆடிய பெஞ்சுகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்தவர். மனைவி போய் நான்கு வருடம். மாதந்தோறும் அவர் வீட்டுக்குப் போய் இரத்த அழுத்தம் பார்த்தது புவாசோன்தான். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள், கருவியைக் கழற்றிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். இருவரும் நகரத்து மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தார்கள். வேறு ஆண்கள் என்றால் பெண் வீட்டுக்குப் பூ வாங்கி வருவார்கள். சுபின் பரிசோதனை முடிவைச் சட்டைப் பையில் நாலாக மடித்து எடுத்து வந்தார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் ஒன்சி. புவாசோனின் முகத்தைப் பார்க்காமல் மண்டபத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புவாசோன் மூடி போட்ட ஒட்டுச்சோற்றுக் கூடையைத் தூக்கி மேஜையில் வைத்தாள். போன வாரம் கேள்விகளை இதில்தான் போடச் சொல்லியிருந்தாள். முதல் சீட்டைப் பிரித்துப் படித்தாள்.

"பிள்ளை பெறும் வயது தாண்டிவிட்டது. பிறகு ஆணுறை எதற்கு?"

ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள்.

"பிள்ளைதான் வயசு பார்த்து வரும். நோய் வயசு பார்க்காது," என்றாள். பையிலிருந்து ஆணுறை ஒன்றை எடுத்து, ஒரு பச்சை வாழைக்காயில் மாட்டிக் காட்டினாள். தேங்காய் எண்ணெய் பட்டால் அது கிழிந்துபோகும், மருந்துக்கடையில் தண்ணீரில் கரையும் வழவழப்புக் களிம்பு கேட்டு வாங்க வேண்டும் என்றும் விளக்கினாள். சிரிப்பு வந்தது. வரட்டும் என்று காத்திருந்தாள். சிரித்து முடித்தவர்கள் தாங்களாகவே முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் துவைத்துப் போட்டுவிட்டு இருந்துவிடக்கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொன்னபோது, பெண்கள் பக்கம் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் குறித்துக்கொண்டாள். பாடம் முடிந்ததும் அவர்களைத் தனியே பிடிக்க வேண்டும்.

ஏழாவது சீட்டு ஊதா மையில் எழுதியிருந்தது.

"கணவர் கூப்பிடும்போது வலிக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்று புனித நாள், விரதம் என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். புனித நாள் வாரத்துக்கு ஒன்றுதான் வருகிறது. மற்ற ஆறு நாளுக்கு என்ன சொல்வது?"

மண்டபம் குலுங்கியது. ஒன்சி மட்டும் சிரிக்கவில்லை. சந்தையில் நூடுல்ஸ் கடைச் சீட்டுகளை யார் ஊதாப் பேனாவில் எழுதுவார்கள் என்று புவாசோனுக்குத் தெரியும். சீட்டை உடனே மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எழுதினவங்க புத்திசாலி," என்றாள். "ஆனா இதுக்கு விரதம் வேண்டாம், வைத்தியம் இருக்கு. வயசானா அந்த இடம் காஞ்சு போகும். கண்ணு மங்குற மாதிரிதான். கண்ணுக்குக் கண்ணாடி போடறோம். இதுக்குக் களிம்பு இருக்கு. அதுக்கும் கேக்கலைன்னா டாக்டர்கிட்ட மருந்து இருக்கு. அப்புறம் ஆம்பளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். வலிக்குதான்னு கேளுங்க. நாப்பது வருஷம் கூட இருந்தவகிட்ட கேக்க என்ன கூச்சம்?"

ஒன்சியின் பார்வை உத்தரத்திலிருந்து இறங்கியது.

அப்போது கடைசி வரிசையில் சுபின் எழுந்தார். காது சிவந்திருந்தது.

"டீச்சர், சந்தைக்கு வர்ற மருந்து வண்டிக்காரன்கிட்ட ஒரு மாத்திரை வாங்கினேன். ஆம்பளைங்க மாத்திரை. எனக்கு நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில வெச்சுக்கிற மாத்திரையும் இருக்கு. ரெண்டும் சேரலாமா?"

 இதை அவர் புவாசோனிடம் சொன்னதே இல்லை.

"சேரக்கூடாது," என்றாள். "சேர்ந்தா இரத்த அழுத்தம் அடிமட்டத்துக்குப் போயிடும். ஆள் போயிடலாம். நெஞ்சு மாத்திரை வெச்சிருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம அதைத் தொடவே கூடாது. எத்தனை எடுத்தீங்க?"

"இன்னும் பிரிக்கல." அவர் நடந்து வந்து அட்டையை மேஜையில் வைத்தார். முழுசாக இருந்தது. "கேக்க வெட்கமா இருந்துச்சு. அதனால கேட்டுட்டுப் பிரிப்போம்னு வெச்சிருந்தேன்."

அவர் திரும்பி உட்கார்வதற்குள் இன்னொருவர் எழுந்து வந்தார். தன் பையிலிருந்த அட்டையை அதற்குப் பக்கத்தில் வைத்தார். அதில் இரண்டு குறைந்திருந்தது. பிறகு மூன்றாவது ஆள். மருந்து வண்டிக்காரனுக்கு இந்த ஊரில் நல்ல வியாபாரம்தான்.

மற்றதெல்லாம் படித்து முடித்தபோது கூடையின் அடியில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியது. வகுப்பில் இருபத்தாறு பேர். இருபத்தேழாவது அவளே எழுதிப் போட்டது. போன வாரம் எந்தத் தைரியத்தில் போட்டாளோ, இப்போது அதைப் பிரிக்க விரல் வரவில்லை. பிரித்தாள்.

"இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?"

இதற்கு டீச்சரிடம் பதில் இல்லை, வகுப்புதான் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லவே வேண்டாம் என்றார் ஒருவர். சாகும்போது சொல்லலாம் என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரம் அப்படியே இரைச்சலாகப் போனது.

ஒன்சி எழுந்து நிற்காமலே பேசினாள். "அடுத்தவங்க வாயால கேள்விப்பட்டா பிள்ளைங்க மன்னிக்காது. நம்ம வாயால கேட்டா திட்டும். திட்டினா திட்டிட்டுப் போகுது."

புவாசோன் அந்தச் சீட்டையும் மடித்துச் சட்டைக்குள், ஊதா மைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

*

பெஞ்சுகளை அடுக்கும் சாக்கில் சுபின் பின்தங்கினார். மகனிடம் நேற்றே சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. காலைல பார்த்தா வண்டிச் சாவியைக் காணோம். ஒளிச்சு வெச்சுட்டான்."

"அப்ப எப்படி வந்தீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு எல்லாரும் எப்படிப் போவாங்க? நடந்துதான்." சிரித்தார். "நாலு மணிக்கு என் பங்குக் கோழியோட வர்றேன் புவா. ஆம்பளை பங்கு ஒண்ணு வைக்கணுமில்ல?"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவர் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். வெயில். இதயம். நடந்து வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவர் தலையாட்டியது சம்மதமாகத் தெரியவில்லை.

"நீங்க வந்தாலும் வராட்டியும் நான் சொல்லத்தான் போறேன்," என்றாள். "அதை மட்டும் தெரிஞ்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து சீருடையைக் கூட மாற்றாமல் அடுப்பு மூட்டினாள். கோழியின் சிவப்புக் கயிற்றை அவிழ்த்தாள். அறுத்து, இறகு பறித்து, முழுசாக வேகவைத்தது எல்லாம் அவள் கைதான். நாலு மணிக்குக் கம்மூன் அக்கா வீங்கிய காலை இழுத்துக்கொண்டு படியேறி வந்து, மாடத்தின் முன் தலையணையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒன்சி வந்தாள். அலுவலகத்திலிருந்து விலாவனும் வந்துவிட்டாள். கன்லயா வீங்கிய கண்களோடு அறையிலிருந்து வெளியே வந்து சுவரோரம் நின்றாள்.

புவாசோன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோழி, அரிசிச் சாராயம், வெள்ளைப் பூ.

"நீ ஏன் தூக்கற?" என்றாள் கம்மூன் அக்கா. "வைக்க வேண்டியவதான் தூக்கிட்டு வரணும். லயாகிட்ட குடு."

"இது என் கோழிக்கா."

யாருக்கும் புரியவில்லை. அவள் தட்டை மாடத்தின் முன் வைத்து மண்டியிட்டாள்.

"என் பேரைச் சொல்லி அரிசி எடுங்க."

கம்மூன் அக்கா சிரிக்கப் போனாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கிண்ணத்தில் கைவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, ஒரு கிள்ளு எடுத்துத் தரையில் வைத்தாள். இரண்டிரண்டாகத் தள்ளினாள். பன்னிரண்டு.

மறுபடியும் எண்ணினாள். பன்னிரண்டேதான்.

"அப்ப அன்னைக்கு லயா பேர்ல ஏன் இரட்டை வந்துச்சு?"

"நீங்க என் பேரைக் கேக்கவே இல்ல. கேக்காத பேரை ஆவிங்க எப்படிக் காட்டும்? என் வயித்துல பொறந்தவளைக் காட்டியிருக்கு." மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "தொட்டது சுபின். தச்சர் சுபின். நான் சம்மதிச்சுத்தான். உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு சொல்லாததுதான். என் மகளுக்கு இதுல பங்கில்ல."

பிறகு அக்காவிடம் திரும்பி, கால் வீக்கத்துக்கு அவள் புதிதாகச் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையும் காரணமாக இருக்கலாம், நாளை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள். ஆவிகளுக்குக் கோழி, காலுக்கு டாக்டர், இரண்டும் நடக்கட்டும்.

விலாவனின் முகம் வெளுத்திருந்தது. "எப்பத்திலேருந்தும்மா?"

"மழை ஆரம்பிச்சதிலேருந்து."

"அப்பா படத்துக்குத் தினமும் பூ வைக்கறியே."

"இன்னைக்கும் வெச்சேன்," என்றாள் புவாசோன். "நாளைக்கும் வைப்பேன்."

"நாலு நாளா இவளை இப்படி அழவிட்டுட்டு..." என்றாள் விலாவன்.

அது நியாயமான அடி. புவாசோன் வாங்கிக்கொண்டாள். முன்பே சொல்லியிருந்தால் இன்றைய பாடம் நடந்திருக்காது என்று ஒரு பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லவில்லை. சுவரோரம் நின்றவளிடம் போய், "என்னை மன்னிச்சிடு லயா," என்று மட்டும் சொன்னாள். கன்லயா அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. அவள் தோளில் நெற்றியை ஒரு கணம் முட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

ஒன்சி புவாசோன் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கடைசிச் சீட்டு உங்களுதா டீச்சர்?"

"ஆமா."

ஒன்சி தலையாட்டினாள். தன்னுடைய ஊதாச் சீட்டு யாரிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. எழுந்து கன்லயாவின் பக்கம் போனாள். "நோப்புக்கு நானே போன் போட்டுச் சொல்றேன். முகத்தைக் கழுவு. நேத்திலேருந்து சாப்பிடலையாமே? என்ன பொண்ணு நீ?"

கம்மூன் அக்கா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. "பொம்பளை பங்கு வந்துடுச்சு. ஆம்பளை பங்கு பொழுது சாயறதுக்குள்ள வரணும். வராட்டி இது பாதிதான். எங்க அவன்?"

எல்லோரும் மாடி முற்றத்து விளிம்புக்கு வந்தார்கள், கம்மூன் அக்காவும் அரிசிக் கிண்ணத்தோடு. அங்கிருந்து பார்த்தால் பச்சை நெல்லுக்கு நடுவே வாய்க்கால் கரைப் பாதை தெரியும். தூரத்தில் நீலச் சட்டை ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. கக்கத்தில் எதையோ இடுக்கியிருந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு அப்படியே கரையோரம் உட்கார்ந்துவிட்டது.

புவாசோன் படியை நோக்கி ஓடினாள். ஆனால் அவளுக்கு முன்பே கீழே மோட்டார் சைக்கிள் உறுமியது.

விலாவன். வாசலில் இடப்பக்கம் திரும்பினால் அலுவலகம். வலப்பக்கம் வாய்க்கால் பாதை. அவள் தலையில் ஒரு ஹெல்மெட் இருந்தது. முழங்கையில் இன்னொன்று தொங்கியது.

வலப்பக்கம் திரும்பினாள்.

மேலேயிருந்து பார்க்கும்போது அவள் அவரருகே வண்டியை நிறுத்துவது தெரிந்தது. ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். நீண்ட நேரம் போலிருந்தது. கடைசியில் அவர் கையிலிருந்த கோழியை வாங்கித் தன் வண்டிக் கூடையில் வைத்தாள். அவர் தலையில் அவளே ஹெல்மெட்டை மாட்டினாள்.

 அப்போதுதான் கன்லயா அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டினாள்.

வாய்க்கால் வளைவில் புழுதி. பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. சுபினின் வண்டி. ஓட்டுவது சாவியை ஒளித்த மகன்தான்.

"எதுக்கு வர்றான்?" என்றாள் கம்மூன் அக்கா. கை தன்னால் அரிசிக் கிண்ணத்துக்குப் போனது. "எடுத்துப் பார்க்கட்டுமா?"

"வேணாம்கா," என்றாள் புவாசோன், சீருடையின் காலரைச் சரிசெய்துகொண்டே. "வரட்டும். வாயாலயே கேட்டுக்கலாம்."